ஓனர் கஞ்சனா, கேப்பில் இடமில்லையா? ஓவர் தி கேப் தளத்தைப் பற்றி ஒரு ரசிகனின் விமர்சனம்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால், புது ஒப்பந்தங்கள் வருகிற மார்ச் மாதம் ஒரு சண்டை வந்தே தீரும். ஒருவர் "நம்ம ஓனர் காசை இறுக்கிப் பிடிக்கிறார்" என்பார். இன்னொருவர் "சாலரி கேப்ல இடமில்ல, அவர் என்ன பண்ணுவார் பாவம்" என்பார். மூன்றாவதாக ஒருவர் நடுவில் புகுந்து, "கேப்பாவது ஒண்ணாவது, எல்லாம் கணக்குல வளைச்சுக்கலாம்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். மூன்று பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க எனக்குக் கை கொடுத்தது ஆட்டக்காரர்களின் சம்பளக் கணக்கைக் காட்டுகிற ஓவர் தி கேப் என்கிற இணையதளம். நான்கு சீசனாக அதைத் தினமும் திறக்கிறேன், என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) பற்றி வாதம் செய்கிற எவரும் அதை ஒரு முறையாவது பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் இருப்பது ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸில். தென்மேற்கே இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டத்தில் சின்சினாட்டி, வடகிழக்கே இரண்டு மணி நேரத்தில் கிளீவ்லேண்ட். நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் பாதிப் பேர் சின்சினாட்டி அணியான பெங்கால்ஸ் பக்கம், பாதிப் பேர் கிளீவ்லேண்ட் அணியான பிரவுன்ஸ் பக்கம். நான் பெங்கால்ஸ். என்னோடு வேலை பார்க்கிற, என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு அண்ணன் பிரவுன்ஸ் வெறியர். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் அவர் வீட்டில்தான் ஆட்டம் பார்ப்போம். இந்த இரண்டு அணிக்கும் ஒரே வேர் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. கிளீவ்லேண்ட் அணிக்குப் பெயர் தந்த பயிற்சியாளர் பால் பிரவுனை 1963 ஜனவரியில் அன்றைய ஓனர் வேலையை விட்டு எடுத்தார், அதே பால் பிரவுன் 1968இல் களமிறக்கிய அணிதான் பெங்கால்ஸ். இன்று பெங்கால்ஸ் அவர் மகன் மைக் பிரவுன் கையில். பிரவுன்ஸ் 2012இல் இருந்து ஜிம்மி ஹாஸ்லம் கையில், அவருடைய குடும்பம் நெடுஞ்சாலை ஓரத்து பெட்ரோல் பங்குத் தொழிலில் பணம் சேர்த்த குடும்பம். ஒருவர் கை இறுக்கத்துக்குப் பெயர் போனவர், மற்றவர் அள்ளி இறைப்பவர். ஓனர் செலவு பற்றிச் சண்டை போட இதைவிடத் தோதான மாநிலம் கிடையாது.

சரி, முதலில் கேப் என்றால் என்ன. ஆட்டக்காரர் சம்பளத்துக்கு ஒரு அணி ஒரு வருஷத்தில் கணக்கு எழுதக்கூடிய உச்சவரம்பு. 1994இல் வந்தபோது ஒரு அணிக்கு 3 கோடியே 46 லட்சம் டாலர். 2025இல் 27 கோடியே 92 லட்சம். 32 அணிக்கும் ஒரே அளவு, இதைத் தாண்டினால் வரி கட்டிவிட்டுத் தப்பிக்கலாம் என்கிற வழியெல்லாம் இங்கே இல்லை. ஆனால் இந்த வரம்பு கணக்கு வைப்பது ஓனர் இந்த வருஷம் எழுதிய காசோலையை அல்ல, ஒப்பந்தக் கணக்கை. கையெழுத்து போடுவதற்காகத் தருகிற சைனிங் போனஸைக் கணக்கில் ஐந்து வருஷம் வரைக்கும் சம பங்காகப் பரப்பலாம். பணம் இன்றைக்கே ஆட்டக்காரர் பையில், கணக்கு மட்டும் ஐந்து வருஷத்துக்கு. ரொக்கம் ஒரு பக்கம், கேப் ஒரு பக்கம். இந்த ஒன்று புரிந்துவிட்டால் மேலே சொன்ன சண்டையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

ஓவர் தி கேப் செய்வது இந்த இரண்டையும் தனித்தனியாக உங்கள் கண் முன்னால் வைப்பதுதான். ஜேசன் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பவர் தொடங்கியது, லீக்கின் அதிகாரபூர்வத் தளம் இல்லை, பார்க்கக் காசும் இல்லை. அணி வாரியாகப் போனால் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அடிப்படைச் சம்பளம், போனஸின் இந்த வருஷப் பங்கு, உத்தரவாதத் தொகை, அவரை இன்றைக்கு நீக்கினால் கணக்கில் எவ்வளவு செத்த பணமாக (ஆள் போன பிறகும் கேப்பில் ஏறுகிற பணம்) நிற்கும், எவ்வளவு மிச்சமாகும் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். இதுபோக ஒரு கால்குலேட்டர் இருக்கிறது. அதில் உங்கள் அணியை எடுத்து இவரை நீக்கு, இவர் ஒப்பந்தத்தை மாற்றி எழுது, இவரை ஜூன் 1க்குப் பிறகு அனுப்பு என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கலாம், மொத்தக் கணக்கு அப்போதைக்கப்போது மாறும். நான் முதன்முதலில் உட்கார்ந்தபோது இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

அந்த அண்ணனுக்கும் எனக்கும் நடந்த ஒரு வாதத்தைச் சொன்னால் இதன் அருமை விளங்கும். 2022 மார்ச்சில் பிரவுன்ஸ் மூன்று முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகளை (கல்லூரி ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுக்கிற உரிமை) ஹூஸ்டனுக்குக் கொடுத்து டெஷான் வாட்சன் என்கிற குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) வாங்கி, ஐந்து வருஷத்துக்கு 23 கோடி டாலர், அதில் ஒரு டாலர் குறையாமல் அத்தனையும் உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா தம்பி, எங்க ஓனர் காசைக் கண்டு பயப்பட மாட்டார். உங்க ஆளு இப்படி ஒரு கையெழுத்து போடுவாரா?" என்றார். நான் "அண்ணே, கேப்ல மாட்டிக்குவீங்க" என்றேன். "முதல் வருஷம் வெறும் ஒரு கோடிதான்டா கேப்ல நிக்குது, போய்ப் பாரு" என்று அவர் சொன்னபோது நம்பாமல் தளத்தைத் திறந்தேன்.

அவர் சொன்னது சரிதான். அந்த வருஷம் அடிப்படைச் சம்பளம் 10 லட்சத்து 35 ஆயிரம், போனஸ் 4 கோடியே 49 லட்சத்து 65 ஆயிரம். போனஸை ஐந்தாகப் பிரித்தால் வருஷத்துக்கு 89 லட்சத்து 93 ஆயிரம். இரண்டையும் கூட்டினால் 1 கோடியே 28 ஆயிரம், அவ்வளவுதான் கணக்கு. ஓனர் கொடுக்க ஒப்புக்கொண்ட ரொக்கமோ 4 கோடியே 60 லட்சம். (அந்த சீசனில் வாட்சனுக்கு 11 ஆட்டம் தடை. தடைக் காலத்தில் வெட்டப்படுவது அடிப்படைச் சம்பளம்தான், அதை இவ்வளவு சின்னதாக வைத்திருந்ததால், லீக் தனியாகப் போட்ட 50 லட்சம் டாலர் அபராதம் போக, சம்பளத்தில் அவர் இழந்தது ஆறு லட்சத்துச் சொச்சம் டாலர் மட்டுமே. அன்றைக்கே இது எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.)

அடுத்த வருஷம்தான் விஷயம். 2023க்கு அடிப்படைச் சம்பளம் 4 கோடியே 60 லட்சம், பழைய போனஸ் பங்கைச் சேர்த்தால் கேப்பில் 5 கோடியே 49 லட்சத்து 93 ஆயிரம். கால்குலேட்டரில் ஒப்பந்தத்தை மாற்றி எழுதும் பொத்தானை அழுத்தினேன். சம்பளத்தில் 10 லட்சத்து 80 ஆயிரத்தை மட்டும் விட்டுவிட்டு மீதி 4 கோடியே 49 லட்சத்து 20 ஆயிரத்தைப் போனஸாக மாற்றி, ஒப்பந்தம் முடிந்த பிறகு வருகிற 2027ஐயும் ஒரு பொய் வருஷமாகச் சேர்த்து ஐந்தாகப் பரப்பினால், அந்த வருஷக் கேப் கணக்கு 1 கோடியே 90 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்குகிறது. அந்த மார்ச்சில் பிரவுன்ஸ் செய்தது இதையேதான். ஆக முதல் இரண்டு வருஷத்தில் ஓனர் கையிலிருந்து போனது 9 கோடிக்கு மேல், கேப்பில் எழுதியது 3 கோடிக்கும் குறைவு.

"அப்போ கேப் பொய்தானே தம்பி" என்றார் அண்ணன். நான் 2024க்கு உரிய கட்டத்தைக் காட்டினேன். 6 கோடியே 39 லட்சம். அந்த வருஷ கேப் 25 கோடியே 54 லட்சம். ஐம்பத்து மூன்று பேர் கொண்ட அணியில் ஒரே ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு. அதையும் மாற்றி எழுதித் தள்ளிப் போட்டார்கள், அதுவும் பின்னால் வரிசையில்தான் நிற்கிறது. 2024 அக்டோபர் 20, எங்கள் பெங்கால்ஸுக்கு எதிரான ஆட்டம், அண்ணன் வீட்டு சோஃபாவில் இருந்தோம். யாரும் தொடாமலேயே வாட்சன் கீழே விழுந்தார். குதிகால் தசைநார் அறுந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. நாங்கள் 21க்கு 14 என்று ஜெயித்தோம், எனக்குக் கொண்டாடத் தோன்றவில்லை. அண்ணன் வெகு நேரம் பேசவே இல்லை. கடைசியில் "இன்னும் எத்தனை வருஷம் இருக்கு அந்தக் கணக்கு?" என்று மட்டும் கேட்டார். கைபேசியை எடுத்துப் பார்த்துச் சொன்னேன்.

கேப் பொய் இல்லை, கடன். வட்டி இல்லாத கடன், அதனால் வாங்கச் சொல்லி ஆசை காட்டும். கேப் வருஷா வருஷம் ஏறுகிற வரைக்கும் நாளைய கணக்கு சின்னதாகத் தெரியும் என்பதும் வாஸ்தவம். ஆனால் 2020இல் 19 கோடியே 82 லட்சமாக இருந்தது கொரோனாவுக்குப் பிறகு 2021இல் 18 கோடியே 25 லட்சத்துக்கு விழுந்ததே, அப்போது தள்ளிப் போட்டவர்கள் எல்லோரும் மூச்சுத் திணறினார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் டென்வர் அணி. 2022இல் வால்மார்ட் குடும்பத்து ராப் வால்டனும் அவர் மகள், மருமகனும் சேர்ந்த குழு அணியை 465 கோடி டாலருக்கு வாங்கியது. கையோடு குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனுக்குப் பெரிய ஒப்பந்தம், அது சரிப்படவில்லை, 2024 மார்ச்சில் நீக்கினார்கள். கேப்பில் செத்த பணமாக விழுந்தது மொத்தம் 8 கோடியே 50 லட்சம், இரண்டு வருஷத்தில் பிரித்து. அந்த சீசனில் வில்சன் பிட்ஸ்பர்க்கில் ஆட, அவருடைய 3 கோடியே 90 லட்சத்தில் பிட்ஸ்பர்க் கொடுத்தது குறைந்தபட்சச் சம்பளமான 12 லட்சத்துச் சொச்சம், மீதி முழுக்க டென்வர் கஜானாவிலிருந்து. இப்படி ஒரு சுமையோடு டென்வர் அந்த வருஷமே பிளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்கான சுற்று) போனது, காரணம் போ நிக்ஸ் என்கிற புது குவாட்டர்பேக் மலிவான முதல் ஒப்பந்தத்தில் இருந்தார். தளத்தில் அந்த வருஷ டென்வர் பக்கத்தைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்: களத்தில் இல்லாத ஆளின் கேப் கணக்கு, களத்தில் இருக்கிற ஆளின் கணக்கைவிடப் பல மடங்கு. பணக்கார ஓனரால் வாங்க முடிவது இதைத்தான். தப்பு செய்துவிட்டு, அதற்குக் காசு கட்டிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கிற சுதந்திரம்.

இப்போது என் அணிக்கு வருகிறேன், இங்கேதான் எனக்கு வயிறு எரியும். பெங்கால்ஸ் பல வருஷமாக ஒப்பந்தத்தின் முதல் வருஷத்துக்கு அப்பால் உத்தரவாதம் தருவது அரிது. தளத்தில் எங்கள் அணியின் பழைய ஒப்பந்தங்களைத் திறந்து உத்தரவாதக் கட்டத்தைப் பாருங்கள், மற்ற அணிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணில் குத்தும். மொத்தத் தொகை பெரிதாக இருக்கும், உத்தரவாதம் கையெழுத்து போனஸோடு நின்றுவிடும். 2022 பிப்ரவரியில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரைக்கும் போய் 23க்கு 20 என்று லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸிடம் தோற்ற அணியில் ஜெஸ்ஸி பேட்ஸ் போன்ற சேஃப்டியை (கடைசி வரிசைத் தடுப்பாளர்) அடுத்த வருஷமே அட்லாண்டாவுக்கு விட்டுக் கொடுத்தோம். எங்கள் குவாட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு 2023இல் ஐந்து வருஷம் 27 கோடியே 50 லட்சம் கொடுத்தார்கள், அது கொடுத்தே ஆக வேண்டியது. 2025 மார்ச்சில் பந்து பிடிக்கிற ஆட்டக்காரர்களான ஜமார் சேஸுக்கு நான்கு வருஷம் 16 கோடியே 10 லட்சம், டீ ஹிக்கின்ஸுக்கு நான்கு வருஷம் 11 கோடியே 50 லட்சம் என்று வந்தபோது நான் வாயடைத்துப் போனேன், மைக் பிரவுன் மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன். அந்தக் கோடையிலேயே, முந்தைய சீசனில் லீக்கிலேயே அதிகமாக 17.5 சாக் (எதிரணிக் குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) எடுத்த டிரே ஹெண்ட்ரிக்சனுக்கு நீண்ட ஒப்பந்தம் தராமல் அந்த ஒரு வருஷச் சம்பளத்தை மட்டும் ஏற்றிக் கொடுத்து நிறுத்திக்கொண்டார்கள்.

ஓனர் கஞ்சனா என்ற கேள்விக்கு இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். என்எஃப்எல்லில் ஒரு பழைய விதி உண்டு. பின்னால் தர வேண்டிய உத்தரவாதப் பணத்தில் பெரும்பகுதியை ஒப்பந்தம் போடும்போதே ஒதுக்கி ஒரு தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். அணி திவாலானால் ஆட்டக்காரர் பாதிக்கப்படக் கூடாது என்று வந்த விதி. வால்மார்ட் பணம் இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அணியைத் தவிர வேறு பெரிய தொழில் இல்லாத பிரவுன் குடும்பத்துக்கு இது சுமை. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு எந்த அணி திவாலாகப் போகிறது? கிரீன் பே பாக்கர்ஸுக்குத் தனி ஓனர் கிடையாது, ஊர் மக்கள் வைத்திருக்கிற பங்குதான், அதனால் அவர்கள் வருஷா வருஷம் கணக்கைக் காட்டுவார்கள். 2025 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் லீக் பொதுவாகப் பிரித்துக் கொடுத்த வருமானம் மட்டுமே 43 கோடியே 26 லட்சம் டாலர், இதே தொகை ஒவ்வொரு அணிக்கும் போகும். அந்த சீசனின் கேப் 25 கோடியே 54 லட்சம், அதற்கு மேல் ஆட்டக்காரர் நலன்களுக்கு 7 கோடியே 40 லட்சம், கூட்டினால் 32 கோடியே 94 லட்சம். உள்ளூரில் ஒரு டிக்கெட் விற்பதற்கு முன்பாகவே ஆட்டக்காரர் செலவு முழுக்கத் தீர்ந்து 10 கோடிக்கு மேல் மிச்சம். பயிற்சியாளர், பயணம், அலுவலகம் எல்லாம் அதிலிருந்து போகட்டும். அதனால் "கேப் அளவுக்குச் செலவழித்துவிட்டோம்" என்று ஒரு ஓனர் சொன்னால் அது தியாகம் அல்ல. அதோடு 2024 முதல் 2026 வரைக்கும் மூன்று வருஷக் கேப் கூட்டுத்தொகையில் 90 சதவீதமாவது ரொக்கமாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆட்டக்காரர் சங்க ஒப்பந்தமே இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டு நிற்கிற அணி ரசிகனிடம் பெருமை பேச ஒன்றுமில்லை.

இதைப் பார்ப்பதற்குத்தான் தளத்தில் ரொக்கச் செலவுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. என்னைக் கேட்டால் முழுத் தளத்திலும் மதிப்பு வாய்ந்த பக்கம் அதுதான். ஒரு வருஷத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு வருஷம் ரொக்கம் குறைவாக இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், போன வருஷம் நான்கு பெரிய போனஸ் கொடுத்திருப்பார்கள். மூன்று நான்கு வருஷம் சேர்த்துப் பாருங்கள். பிலடெல்ஃபியா அணி அப்படித்தான் எனக்குப் புரிந்தது. குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுக்கு 2023இல் ஐந்து வருஷம் 25 கோடியே 50 லட்சம் கொடுத்தும், அவர்கள் கோப்பை வென்ற 2024 சீசனில் அவருடைய கேப் கணக்கு ஒன்றரைக் கோடியைக்கூடத் தொடவில்லை. ஓனர் ஜெஃப்ரி லூரி ரொக்கத்தை முன்கூட்டியே கொட்டத் தயார், மேனேஜர் ஹோவி ரோஸ்மன் அதைப் பின் வருஷங்களுக்குப் பரப்புகிறார், மிச்சமான இடத்தில் சாக்வான் பார்க்லி மாதிரி ஒரு நட்சத்திரத்தைக் கொண்டு வருகிறார். பிரவுன்ஸ் செய்ததும் இதே வித்தைதான், அவர்கள் கொட்டிய ஆள்தான் தப்பு. அண்ணனிடம் இதைச் சொன்னபோது "அப்போ ஓனர் மேல குத்தமில்ல, ஆள் பாத்து எடுத்தவன் மேலதான்" என்றார். மூன்று முதல் சுற்றுத் தேர்வும் முழு உத்தரவாதமும் ஓனர் தலையசைக்காமல் போகாது அண்ணே என்றேன், அதில் மட்டும் இன்றுவரை எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

தளத்தில் குறை இல்லையா என்றால் இருக்கிறது. புதிதாக வருகிறவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற வசதி போதாது, முதல் பக்கத்திலேயே எண்கள் மேலே விழும், எது ரொக்கம் எது கேப் என்று தெரியாமல் வந்தவர் ஓடிப்போகவும் வாய்ப்புண்டு. அகலமான அட்டவணைகள் என்பதால் கைபேசியைவிடக் கணினியில் பார்ப்பது நல்லது. கால்குலேட்டரில் ஒப்பந்தத்தை மாற்றி எழுதும்போது கேப் மிச்சமாவதில்தான் கண் போகும், வாராவாரம் போக வேண்டிய சம்பளத்தை ஓனர் முன்கூட்டியே பெரிய தொகையாக எழுத வேண்டியிருக்கும் என்பதை நாம்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா அணியிலும் இந்தப் பொத்தான் ஒரே மாதிரி வேலை செய்யும், எல்லா ஓனரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

அப்புறம், எண்ணில் வராத விஷயங்கள். 2025இல் எங்கள் முதல் சுற்றுத் தேர்வு ஷெமார் ஸ்டூவர்ட் ஜூலைக் கடைசி வரைக்கும் கையெழுத்துப் போடவில்லை. சண்டை தொகை பற்றியே இல்லை, எந்தச் சூழ்நிலையில் அணி பின் வருஷ உத்தரவாதத்தை ரத்து செய்யலாம் என்கிற வாசகத்தைப் பற்றி. முதல் சுற்றில் வருகிற ஆளின் சம்பளம் ஏறக்குறைய முன்கூட்டியே தீர்மானமானது, அதனால் அட்டவணையில் அவர் வரி மற்றவர்கள் வரி மாதிரியேதான் தெரியும். ஒரு ஓனரின் குணம் தெரிகிற இடம் சில நேரம் அந்த வாசகத்தில்தான் இருக்கிறது, அதற்கு உள்ளூர்ப் பத்திரிகையாளர்களைத்தான் படிக்க வேண்டும்.

இதே வேலையைச் செய்கிற ஸ்பாட்ராக்கும் உண்டு. கூடைப்பந்து, பேஸ்பால் எல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் வேண்டும் என்றால் அதற்குப் போங்கள். என்எஃப்எல் மட்டும் போதும், கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறவருக்கு என் ஓட்டு ஓவர் தி கேப்புக்குத்தான், ஐந்துக்கு நாலரை.

முதல் முறை திறக்கிறவர்கள் உங்கள் அணியின் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, உங்களுக்கு மிகவும் கோபம் வரவைத்த ஒப்பந்தத்தைத் திறங்கள். மொத்தத் தொகையைப் பார்க்க வேண்டாம். உத்தரவாதக் கட்டத்தையும், இன்றைக்கு நீக்கினால் நிற்கும் செத்த பணத்தையும் பாருங்கள், பிறகு அதே வருஷத்துக்கு அணியின் ரொக்கச் செலவைப் பாருங்கள். போன மார்ச்சில் புது ஒப்பந்தச் செய்திகள் வர ஆரம்பித்த அன்று ராத்திரி அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, நாலு வருஷம்னு போட்டிருக்கான், உத்தரவாதம் எவ்வளவுன்னு வந்துருச்சா?" என்றார். வரவில்லை அண்ணே, வந்ததும் சொல்கிறேன் என்றேன்.